மாமாவின் யாஷிகா எலக்ட்ரோ 35: சரிசெய்யலாமா, கேனனெட் வாங்கலாமா?

#1 நொய்யல்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மாமா 1976-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். ஃபிலிம் கேமரா இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் பாதிப் படம் அதில் எடுத்ததுதான். மாமா போன பிறகு அத்தை அதைத் தோல் உறையோடு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். போன மாதம் எடுத்து என் கையில் கொடுத்து, "நீதான் வச்சுக்கணும்" என்றார்.

லென்ஸ் வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஃபிலிமை நகர்த்தும் லீவர் சுற்றுகிறது. பொத்தானை அழுத்தினால் ஷட்டர் மெல்ல 'டிக்' என்கிறது. ஆனால் விளக்கு எதுவும் எரியவில்லை. அடிப்பக்கம் பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். மேலே கீழே திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு தம்பி, ஷோகேஸ்ல வச்சிடுங்க" என்றார். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. இன்னொரு நண்பர், இதை விட்டுவிட்டு கேனன் கம்பெனியின் கேனனெட் ஜி-3 க்யூ.எல். 17 வாங்கு, அது பேட்டரி இல்லாமலே ஓடும் என்கிறார்.

எனக்கு இதை உபயோகிக்க ஆசை. அலங்காரப் பொருளாக வைக்க மனசு வரவில்லை. வழி உண்டா?

#2 இருட்டறை

தம்பி, உண்டு.

நீங்கள் சொன்னதிலேயே ஒரு நல்ல சேதி இருக்கிறது. எலக்ட்ரோவில் பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் அடிக்கும், ஆனால் 1/500 நொடி என்ற ஒரே வேகத்தில். நீங்கள் கேட்ட 'டிக்' அதுதான். இத்தனை வருஷம் பீரோவில் கிடந்தும் ஷட்டர் இதழ்கள் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொள்ளவில்லை. பேட்டரி அறையே பச்சை பூத்திருக்கும்போது போர்டு (மின்சுற்றுப் பலகை) வரைக்கும் மின்சாரம் போயிருக்காது. மின்சாரம் போகாத போர்டை நல்லது என்றோ கெட்டது என்றோ யாராலும் சொல்ல முடியாது.

நான் எண்பதுகளில் கல்யாணப் படம் எடுத்தவன். பையில் பெரிய கேமரா ஒன்று இருக்கும், கழுத்தில் எலக்ட்ரோ தொங்கும். பந்தியில், மணமகள் அறை வாசலில், ஃப்ளாஷ் அடித்தால் முகம் மாறிவிடும் இடங்களில் எல்லாம் அதைத்தான் எடுப்பேன். 45 மி.மீ. லென்ஸ், அதன் துளை எஃப் 1.7 வரை திறக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). முழுக்கத் திறந்தால் ஓரம் கொஞ்சம் மென்மையாக வரும், நடுவில் இருக்கும் முகம் நன்றாக வரும். எஃப் 4-க்கோ 5.6-க்கோ கொண்டுவந்தால் படம் முழுக்கத் துல்லியம். சத்தமும் கிடையாது. கண்ணாடி தூக்கி அடிக்கும் எஸ்.எல்.ஆர். இல்லை இது. லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக்கூடப் படம் எடுத்தது தெரியாது.

நம் திருப்புளி வந்து பழுதைப் பற்றிச் சொல்வார். அதுவரை எதையும் கழற்ற வேண்டாம். முதலில் அந்தத் தோல் உறையைத் தனியே எடுத்து வையுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை வர அது ஒன்றே போதும்.

#3 திருப்புளி

வந்துவிட்டேன்.

பழைய பேட்டரி உள்ளே இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். 5.6 வோல்ட் பாதரச பேட்டரியாக இருக்கும். கையுறை போட்டு எடுத்து, டப்பாவில் மூடி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போட வேண்டாம்.

பச்சைக்கு: காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகர் கொஞ்சமாகத் தொட்டு, அறையின் இரண்டு முனையிலும் உள்ள உலோகத்தை மட்டும் தேயுங்கள். கேமராவைச் சாய்த்துப் பிடியுங்கள், திரவம் உள்ளே இறங்கக் கூடாது. பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். உலோகம் பளபளவென்று தெரியும்வரை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். எலக்ட்ரோவில் நான் பார்த்த 'செத்துப்போன போர்டு'களில் பெரும்பாலானவை இந்த முனை அரித்தவை, அல்லது முனையில் பற்றவைத்த ஒயர் அரித்து அறுந்தவை.

புது பேட்டரி: 6 வோல்ட் 4எல்.ஆர்.44 போதும். 5.6-க்குப் பதில் 6 என்றால் இந்தக் கேமராவின் அளவீட்டில் பொருட்படுத்தும் அளவுக்கு வித்தியாசம் வராது. பழையதைவிட ஒல்லி, நீளமும் குறைவு. சுற்றிலும் காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டிச் செருகுங்கள், மிச்ச நீளத்துக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் வையுங்கள்.

அப்புறம் சோதனை. பேட்டரி பார்க்கும் பொத்தானை அழுத்தினால் ஃபிலிம் எண் காட்டும் இடத்தில் பச்சை வெளிச்சம் வர வேண்டும். வீட்டுக்குள் எஃப் 16 வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் மஞ்சள் விளக்கு. வெயிலில் எஃப் 1.7 வைத்து அழுத்தினால் சிவப்பு. எது வந்தது, எது வரவில்லை என்று எழுதுங்கள்.

#4 தேன்கூடு

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். நான் கேனனெட் கட்சி. ஆனாலும் உங்களிடம் இருக்கும் கேமராவை விற்கச் சொல்ல மாட்டேன், அது மாமாவின் கை பட்டது.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எலக்ட்ரோவில் நீங்கள் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, வைத்தால் ஷட்டர் வேகத்தை அது தேர்ந்தெடுக்கும். எந்த வேகம் என்று உங்களுக்குச் சொல்லாது. 1/30-க்குக் கீழே போனால் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். 1972-ல் வந்த கேனனெட் ஜி-3-ல் ஷட்டர் வேகத்தை நாம் வைக்கிறோம், அப்பர்ச்சரை அது பார்த்துக்கொள்ளும். 'ஏ' குறியிலிருந்து நகர்த்திவிட்டால் இரண்டும் நம் கையில். ஷட்டர் முழுக்க இயந்திரம்தான், அதனால் பேட்டரி தீர்ந்தாலும் எல்லா வேகமும் ஓடும். இரண்டையும் நாமே வைக்கும்போது மட்டும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது.

வெயிலில் கணக்கு சுலபம். எஃப் 16 வைத்து, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் (ஒளியுணர்வு எண்) பக்கத்தில் உள்ள வேகத்தை வைத்தால் சரியாக வரும். நான் இப்படித்தான் வெளிச்சத்தைப் படிக்கப் பழகினேன். இப்போது தெருவில் இறங்கும்போதே இது எஃப் 8 நிழல், இது எஃப் 4 நிழல் என்று மனசு சொல்லிவிடுகிறது. தானியங்கியோடு மட்டும் பழகியிருந்தால் இது எனக்கு வந்திருக்காது.

கேனனெட்டுக்கு பேட்டரிதான் தொல்லை. அது 1.35 வோல்ட் பாதரசச் சில்லுக்காகச் செய்தது, இப்போது கிடைக்காது. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், படம் இருண்டுவிடும். பேட்டரி வற்ற வற்ற அந்தப் பிழையும் மாறிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் 675, 1.4 வோல்ட். ஒரு ரப்பர் வளையத்துக்குள் வைத்துப் போட்டால் மீட்டர் நேர்மையாக இருக்கும். ஸ்டிக்கரை உரித்ததும் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும், சில வாரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

#5 யோகோஹாமாவாசி

நொய்யல், ஒரு கேள்வி. உங்கள் கேமராவின் மேல் தகட்டிலோ உறையிலோ முட்டை வடிவத்தில் சின்னத் தங்க நிற ஸ்டிக்கர் இருக்கிறதா? 'பாஸ்டு' என்று எழுதியிருக்கும். ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான கேமராக்கள் தரச் சோதனையில் தேறியதற்கான முத்திரை அது. இருந்தால் உரித்துவிடாதீர்கள்.

இங்கே வந்த புதிதில் நான் எந்தக் கேமராவையும் விடாமல் வாங்கினேன். பழைய பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று எழுதி பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். கடை எந்த உத்தரவாதமும் தராது, திருப்பியும் எடுக்காது, விலை மட்டும் மிகக் குறைவு. அதில் மேலாக ஜூம் போட்ட பிளாஸ்டிக் கேமராக்கள் கிடக்கும். அடியில் கையை விட்டால் கனமான உலோகம் ஒன்று தட்டுப்படும். எடுத்துப் பார்த்தால் எலக்ட்ரோ, ஹை-மேட்டிக், கோனிகா. ஜப்பானில் வீட்டுக்கு வீடு இவை இருந்த காலம் ஒன்று உண்டு. முதல் கேனனெட் 1961 ஜனவரியில் 18,800 யென்னுக்கு வந்தபோது, ஒரு வாரத்துக்கு என்று வைத்திருந்த சரக்கு இரண்டு மணி நேரத்தில் தீர்ந்ததாகக் கேனனே எழுதி வைத்திருக்கிறது. அதுவரை கேனன் கேமராவைச் சாதாரணச் சம்பளக்காரர் எளிதில் நினைத்துப் பார்க்க முடியாது.

இன்னொன்று சொன்னால் பிடிக்கும். 1962 பிப்ரவரியில் ஜான் க்ளென் பூமியைச் சுற்றிவந்தபோது கையில் வைத்திருந்த கேமராக்களில் ஒன்று மினோல்டா ஹை-மேட்டிக்தான். அமெரிக்காவில் அன்ஸ்கோ ஆட்டோசெட் என்ற பெயரில் விற்றார்கள். விண்வெளிக்கென்று யாரும் அதைத் தயாரிக்கவில்லை. அவரே ஒரு மருந்துக்கடையில் வாங்கினார், கையுறையோடு அழுத்த வசதியாகப் பிடி ஒன்று மாட்டிக் கொடுத்தார்கள்.

#6 நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. தங்க ஸ்டிக்கர் இருக்கிறது! மேல் தகட்டின் ஓரத்தில். பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. மாமா விரல் வைக்கும் இடம் அது.

திருப்புளி அண்ணா சொன்னபடி வினிகர் வைத்துத் தேய்த்தேன். இரண்டு முனையிலும் பித்தளை நிறம் வந்தது. புது பேட்டரி, காகிதக் குழல், பால்பாயின்ட் பேனாவிலிருந்து எடுத்த ஸ்பிரிங். பொத்தானை அழுத்தினேன். பச்சை எரிந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது பிரச்சினை. வீட்டுக்குள் எஃப் 16-ல் மஞ்சள் வருகிறது. ஆனால் சில தடவை லீவரைச் சுற்றியதும் விளக்கே வருவதில்லை, ஷட்டர் சட்டென்று அடித்துவிடுகிறது. மறுபடி சுற்றினால் சரியாக இருக்கிறது. இன்னொன்று, உள்ளே பார்க்கும்போது நடுவில் இருக்க வேண்டிய மஞ்சள் கட்டம் மங்கலாக இருக்கிறது. ஃபோகஸ் சேர்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

#7 திருப்புளி

போர்டு உயிரோடு இருக்கிறது. அந்தக் கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

லீவரை மெதுவாக முழுக்கச் சுற்றுங்கள். முடிவுக்குப் பக்கத்தில் உள்ளே ஏதோ விழுந்த மாதிரி 'டக்' என்று கேட்கிறதா? கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு பொடிந்துவிட்டது. எலக்ட்ரோ வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இதை 'பேட் ஆஃப் டெத்' (சாவுத் திண்டு) என்பார்கள். பெயர்தான் பயங்கரம், பொருள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. லீவர் சுற்றும்போது ஒரு தண்டு வந்து அந்த ரப்பரில் உட்கார வேண்டும். ரப்பர் போனால் தண்டு தன் இடத்தில் நிற்காது, மின்சுற்றின் தொடுமுனைகள் நேரத்துக்குத் திறந்து மூடாது. அதனால்தான் ஒரு தடவை ஓடுகிறது, ஒரு தடவை ஏமாற்றுகிறது.

இதற்கு மேல் தகட்டைக் கழற்ற வேண்டும். முதல் தடவை என்றால் தனியாகச் செய்யாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கேமராவைப் பார்சலில் போடுங்கள். கூலி வேண்டாம்.

#8 இருட்டறை

மஞ்சள் கட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் என்றாலே அதுதான். கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல் பாருங்கள், பெரியது ஒன்று, தள்ளிச் சின்னது ஒன்று. பெரியதில் நீங்கள் நேராகப் பார்க்கிறீர்கள். சின்னது அதே காட்சியைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்து, அந்த மஞ்சள் கட்டத்துக்குள் கொண்டுவந்து போடுகிறது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் எதிரில் உள்ள தூண் நகர்கிற மாதிரி, இரண்டு உருவமும் விலகித் தெரியும். லென்ஸைத் திருப்பினால் உள்ளே உள்ள கண்ணாடி அசைந்து, அந்த இரண்டாவது உருவம் பக்கவாட்டில் நகரும். இரண்டும் ஒன்றானால் ஃபோகஸ் சேர்ந்தது.

பக்கவாட்டில் மட்டுமே நகர்வதால் குறுக்குக் கோடுகளை வைத்து ஃபோகஸ் செய்ய முடியாது. படிக்கட்டைப் பார்த்தால் எப்போதும் சேர்ந்த மாதிரிதான் தெரியும். நெடுக்குக் கோடு தேடுங்கள். கதவு நிலை, ஜன்னல் கம்பி, தோளிலிருந்து இறங்கும் சேலைக் கரை. எதுவும் இல்லையென்றால் கேமராவைச் சாய்த்து ஃபோகஸ் செய்துவிட்டு நிமிர்த்துங்கள். முகத்தில் என்றால் மூக்கின் ஓரம். கண்ணைவிட மூக்கு முன்னால் இருக்கிறது, அதனால் சேர்ந்த பிறகு உங்கள் உடம்பை ஒரு அங்குலம் முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். எஃப் 1.7-ல் கிட்டத்தில் எடுக்கும்போது அந்த ஒரு அங்குலம் முக்கியம்.

மங்கலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று தூசியும் புகையும். அது துடைத்தால் போகும். மற்றது உள்ளே இருக்கும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியின் பூச்சு தேய்வது. அதைத் துடைக்கவே கூடாது, துடைத்தால் பூச்சு கையோடு வந்துவிடும். அப்படித் தேய்ந்திருந்தால், பெரிய ஜன்னலின் வெளிப்பக்கம் சரியாக நடுவில் எள்ளுப் பருமனில் கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள். நேர்க்காட்சி அந்த இடத்தில் இருண்டு, கட்டத்தின் உருவம் எடுப்பாகத் தெரியும்.

கேமரா திரும்பி வந்ததும் ஒரு இரவு நிலாவைப் பாருங்கள். லென்ஸை முடிவிலியில் வைத்தால் ஒரே நிலாதான் தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தால் அளவு மாறியிருக்கிறது.

#9 யோகோஹாமாவாசி

தேன்கூடு அக்கா எல்லாவற்றையும் கையாலேயே வைத்து ஓட்டுவதைப் பற்றி எழுதியதால் எனக்கும் எழுதத் தோன்றுகிறது. இந்தச் சின்னக் கேமராக்களுக்கு முன்னால் ஜப்பானில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால்தான் இவற்றின் அருமை தெரியும்.

1936-ல் வந்த ஹன்ஸா கேனனின் லென்ஸ் நிக்கார். நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான், செய்து கொடுத்தது. பின்னாளில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு கம்பெனியும் தொடங்கியது ஒரே கேமராவில். நிக்கானின் சொந்தக் கேமரா 1948-ல்தான் வந்தது. லென்ஸ் மாட்டும் மவுன்ட் ஜெர்மன் கேமராவான கான்டாக்ஸைப் போல, ஷட்டர் இன்னொரு ஜெர்மன் கேமராவான லைக்காவைப் போல. படத்தின் அளவை மட்டும் 24-க்கு 32 மி.மீ. என்று வைத்தார்கள். ஒரே ரோலில் கூடுதல் படம் எடுக்கலாம். ஆனால் உலகம் முழுக்க ஸ்லைடு சட்டம் 24-க்கு 36. அமெரிக்கச் சந்தைக்கு அது ஒத்துவரவில்லை. 1954-ல் நிக்கான் எஸ்2 வரும்போதுதான் முழு அளவுக்கு வந்தார்கள்.

1950-ல் அமெரிக்க லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கார் லென்ஸுகளைச் சோதித்துப் பார்த்து, அவற்றை மாட்டிக்கொண்டே கொரியப் போருக்குப் போனார். ஜப்பானிய லென்ஸ் என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் அந்தப் படங்களோடு மாறத் தொடங்கியது. அப்புறம் 1954-ல் லைக்கா எம்3 வந்தது. அதன் வ்யூஃபைண்டரை (காட்சியைப் பார்க்கும் ஜன்னலை) பார்த்த ஜப்பானியர்கள் திகைத்தார்கள். நிக்கான் 1957-ல் எஸ்.பி. என்ற ரேஞ்ச்ஃபைண்டர் செய்து பதில் சொன்னது. அந்த உடம்பையே அடிப்படையாக வைத்து 1959-ல் நிக்கான் எஃப் என்ற எஸ்.எல்.ஆர். வந்தது. அதோடு தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் எஸ்.எல்.ஆர். பக்கம் சாய்ந்தார்கள். ரேஞ்ச்ஃபைண்டர் வீட்டுக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. எலக்ட்ரோ பிறந்தது 1966-ல். அது இந்த இரண்டாம் வாழ்க்கையின் பிள்ளை.

டோக்கியோ வருகிறவர்கள் இச்சிபன்சோவில் உள்ள ஜப்பான் கேமரா அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். சின்ன இடம்தான், ஒரு முழு மதியம் போய்விடும்.

#10 தேன்கூடு

தம்பி, உங்கள் அலமாரியில் எஸ்2 ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. அதில் எத்தனை ரோல் எடுத்தீர்கள்?

மனம் வருந்தக் கேட்கவில்லை. நான் பார்த்த வரைக்கும் அலமாரியில் இருக்கும் கேமராதான் சீக்கிரம் சாகிறது. உள்ளே போட்ட கிரீஸ் நகராமல் கெட்டிப்படும், எண்ணெய் மெல்ல ஊர்ந்து ஷட்டர் இதழுக்கு வந்துவிடும். என் கேனனெட்டும் அப்படித்தான் ஒட்டிப்போய் என்னிடம் வந்தது. சுத்தம் செய்து பத்து வருடம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா வேகத்திலும் ஷட்டரை அடித்து வைக்கிறேன், மாதம் ஒரு ரோல் போடுகிறேன். இன்றுவரை தொந்தரவு இல்லை.

#11 யோகோஹாமாவாசி

கேட்டது சரிதான் அக்கா. இரண்டு ரோல். அதுவும் வாங்கிய மாதத்தில்.

விலை கூடக் கூடக் கை கூசுகிறது, மழையில் எடுத்துப் போக மனம் வருவதில்லை. ஆனால் ஆரம்பத்தில் கூடையிலிருந்து எடுத்த எலக்ட்ரோவைக் கடற்கரைக்கும் மலைக்கும் கொண்டுபோனேன். நல்ல படங்கள் என்று நான் வைத்திருப்பவை எல்லாம் அதில் எடுத்தவை. இந்த ஞாயிறு எஸ்2-வில் ஃபிலிம் போடுகிறேன்.

#12 நொய்யல்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். திருப்புளி அண்ணா கேமராவைச் சரிசெய்து அனுப்பிவிட்டார். பழைய ரப்பரைச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் மடித்து உடன் வைத்திருந்தார், கறுப்பு மாவு மாதிரி இருந்தது. இப்போது லீவரைச் சுற்றினால் 'டக்' என்று கேட்கிறது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சின்ன வயதில் மாமா எங்களை வரிசையில் நிறுத்திவிட்டு, படம் எடுப்பதற்கு முன் கேட்ட சத்தம் அது.

நிலா ஒன்றாகத்தான் தெரிந்தது.

இல்ஃபோர்டு எச்.பி.5, ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு ரோல் போட்டேன். இருட்டறை ஐயா ஃபோனில் சொல்லச் சொல்ல வீட்டிலேயே கழுவினேன். டி-76 டெவலப்பர், 20 டிகிரி, ஏழரை நிமிடம். எங்கள் குழாயில் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்ததால் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்துக் காத்திருந்தேன்.

36-ல் 31 தேறியது. எனக்குப் பிடித்தது 14-வது. அத்தை திண்ணையில் முறத்தில் அரிசி புடைக்கிறார். எஃப் 2, மஞ்சள் விளக்கு எரிந்தது, தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முறத்தின் ஓரத்தில் ஃபோகஸ் வைத்தேன். பிரம்பு பின்னிய ஒவ்வொரு இழையும் தெரிகிறது, அந்தரத்தில் நிற்கும் அரிசி மட்டும் கோடு கோடாக ஓடியிருக்கிறது. அத்தையின் முகம் கொஞ்சம் மென்மையாக, பின்னால் வாசல் முழுக்கக் கரைந்து.

ஒரு சந்தேகம். ஏழு படத்தில் ஒரே பக்கத்து ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை உள்ளே வருகிறது. வெயிலில் எடுத்தவற்றில் அதிகம்.

#13 இருட்டறை

14-வதைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். தம்பி, அதைப் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு அத்தையிடம் கொடுங்கள்.

#14 திருப்புளி

பட்டை, கதவின் கீல் பக்கத்திலிருந்து வெளிச்சம் கசிவது. அன்றே மாற்றியிருக்க வேண்டும், கறுப்பு நுரைப்பட்டை பார்க்க முழுசாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஒரு ரோல் போட்டுத் திறந்து மூடியதும் பொடிந்திருக்கும். இதை நீங்களே செய்யலாம்.

பல்குத்தும் மரக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டுப் பழைய நுரையைச் சுரண்டுங்கள். தார் மாதிரி ஒட்டும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துச் செய்யுங்கள், துகள் ஷட்டர் மேல் விழக் கூடாது. கதவு பொருந்தும் இரண்டு நீளப் பள்ளத்திலும் கறுப்புக் கம்பளி நூலைப் படுக்க வையுங்கள். கீல் பக்கம் கறுப்பு வெல்வெட் துண்டு, மெல்லிய பசை. பருத்தி நூல் வேண்டாம், பிசிறு உதிர்ந்து நெகட்டிவில் முடியாக வந்து உட்காரும்.

#15 நொய்யல்

எங்கள் ஊரில் பருத்தி நூல் எந்தத் தெருவில் கேட்டாலும் கிடைக்கும், கம்பளிக்குத்தான் கடை தேடினேன். ஸ்வெட்டர் பின்னும் கறுப்பு நூல் ஒரு உருண்டை வாங்கிவிட்டேன். பள்ளத்தில் எத்தனை இழை வைக்கட்டும் அண்ணா?

#16 திருப்புளி

முதலில் ஒன்று. கதவை மூடிப் பாருங்கள். ஆடினால் இன்னொன்று. மூடுவதற்கு அழுத்த வேண்டியிருந்தால் இரண்டாவதை உருவிவிடுங்கள்.